சிறுவர் பக்கத்துக் கதைக்குக் கீழே அந்தக் கட்டம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவில்பட்டி வட்டாரத்தில் ஊர்ப்புற நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்கு அப்புறமும் சனிக்கிழமை மதியம் அதே நூலகத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கம் அன்றைக்குத்தான் வருகிறது. அதனால் பெரும்பாலும் முதல் கதை அதிலிருந்துதான். அம்புலிமாமாவும் பூந்தளிரும் நின்றுபோன காலத்தில் ஒரு நாளிதழ் வாரம் தவறாமல் ஒரு முழுப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவது சின்ன விஷயம் இல்லை. புத்தகம் வாங்க வழியில்லாத வீட்டிலும், டீக்கடை பெஞ்சிலிருந்து அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி வரும் பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது, ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் கட்டம் கட்டி வரும் ‘நீதி’ என்ற பகுதியைப் பற்றி. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏன் என்று விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

சென்ற வாரம் வந்த கதையையே எடுத்துக்கொள்வோம். நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வயதான தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது, சோறு சிந்துகிறது. மருமகள் கோபப்பட்டு அவரைத் திண்ணையில் உட்கார வைத்து மண்சட்டியில் சோறு போடுகிறாள். ஒருநாள் சட்டி கைதவறி உடைகிறது. பேரன் ஓடிவந்து ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்குகிறான். எதற்கு என்று கேட்டால், “உங்களுக்கு வயசானதும் இந்தச் சட்டியை ஒட்டிக் கொடுப்பேன்” என்கிறான். மருமகள் திருந்துகிறாள். கட்டத்துக்குள், “நீதி: பெற்றோரை முதுமையில் பேணிக் காக்க வேண்டும்.”

வாசித்து முடித்ததும், புத்தக அலமாரியை ஒட்டி உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், “அந்த தாத்தாவோட மகன் என்ன செஞ்சாரு டீச்சர்?” என்று கேட்டான். நான் திரும்பிப் போய்ப் பார்த்தேன். மகனுக்கு அந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான். நல்லவன், ஆனால் மனைவி பேச்சைத் தட்டாதவன் என்று இருந்தது. பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்க ஆச்சிய எங்க அம்மாதான் குளிப்பாட்டுது” என்றான்.

அவன் வீடு எனக்குத் தெரியும். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பொங்கலுக்கும் ஊர்க் கொடைக்கும் வருவார். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். விடிவதற்குள் சோறு பொங்கி, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைத் திருப்பிப் போட்டுத் துணி மாற்றி, கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு அப்புறம்தான் கம்பெனி வண்டி ஏறுவாள். சாயங்காலம் வந்து மறுபடி அதே வேலை. அந்தக் கிழவி பெற்றது மூன்று ஆண்பிள்ளைகள். பார்த்துக்கொள்வது இந்த ஒரு மருமகள். அவளுடைய மகன் தங்கள் பக்கத்தில், மருமகள் என்றால் தாத்தாவுக்கு மண்சட்டியில் சோறு போடுகிறவள் என்று படிக்கிறான்.

அவன் சொன்னதிலிருந்து ஒரு நல்ல பேச்சு பிறந்திருக்கும். மற்ற பிள்ளைகளும் தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள், எப்போதும் போல ஒரு பிள்ளை கட்டத்தைச் சத்தமாக வாசித்துவிட்டது. வாசித்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கட்டம் வந்துவிட்டால் கதை முடிந்தது என்று அவர்களுக்குப் பழகிவிட்டது.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று நூலகத்தில் இருந்தவளுக்குத் தேடிப் பார்க்கத் தோன்றாதா? 1812-இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட தொகுப்பிலேயே இது இருக்கிறது. பிற்பாடு டால்ஸ்டாய் கிராமத்துப் பிள்ளைகளுக்காக எழுதிய வாசிப்புப் புத்தகத்திலும் சேர்த்துக்கொண்டார். கிரிம் தொகுப்பில் அந்தக் கிழவருக்குக் கண் மங்கி, காது அடைத்து, முழங்கால் நடுங்குகிறது. சாப்பாட்டு மேசை விரிப்பில் சூப் சிந்துகிறது. மகனுக்கும் மருமகளுக்கும், கவனியுங்கள், இரண்டு பேருக்குமே அருவருப்பாக இருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் ஒரு மூலையில் உட்கார வைத்து மண் கிண்ணத்தில் கொடுக்கிறார்கள், அதுவும் வயிறு நிறையக் கிடையாது. கிண்ணம் உடைந்ததும் சில்லறைக் காசுக்கு ஒரு மரக்கிண்ணம் வாங்குகிறார்கள். நாலு வயதுப் பேரன் தரையில் உட்கார்ந்து மரத்துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். என்ன செய்கிறாய் என்று அப்பா கேட்கிறார். நான் பெரியவனானதும் அப்பாவும் அம்மாவும் சாப்பிட ஒரு தொட்டி செய்கிறேன் என்கிறான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறார்கள். அழுகிறார்கள். கிழவரை மேசைக்குக் கூட்டி வருகிறார்கள். அன்றிலிருந்து அவர் கொஞ்சம் சிந்தினாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அத்தோடு கதை முடிகிறது. கட்டம் கிடையாது.

நம் ஊருக்கு வந்ததும் மரக்கிண்ணம் மண்சட்டியாகவும் கொட்டாங்கச்சியாகவும் மாறியது. அது நல்ல மாற்றம், கதை ஊருக்கு ஊர் அப்படித்தான் மாற வேண்டும். ஆனால் வழியில் எங்கேயோ மகன் செய்த தப்பு முழுவதும் மருமகள் தலையில் ஏறிவிட்டது. “சிந்தினாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை” என்ற கடைசிப் பகுதியும் காணாமல் போய்விட்டது. எனக்கு அந்தக் கதையில் அதுதான் முக்கியமாகப் படுகிறது. படுக்கையில் இருக்கும் ஒரு ஆளை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாசம் இருந்தாலும், மூன்றாம் முறை சிந்தும்போது வாயில் ஒரு சொல் வந்துவிடும். அந்தச் சொல்லை விழுங்குவதுதான் தினமும் செய்ய வேண்டிய அன்பு. அது கதையில் இருந்தது. “பேணிக் காக்க வேண்டும்” என்ற வரியில் அது இல்லை.

இன்னொன்று. அந்தக் கதையில் யாருக்குப் புத்தி வர வேண்டியிருந்தது? பேரனுக்கு இல்லை. அவன் தாத்தாவை ஒரு சொல் சொன்னவன் இல்லை. புத்தி வர வேண்டியது பெரியவர்களுக்கு, வந்ததும் அவர்களுக்குத்தான். அப்படியிருக்க, கட்டத்தில் வரும் நீதி யாரைப் பார்த்துப் பேசுகிறது? எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து. அந்தப் பிள்ளை இப்போது எந்தப் பெற்றோரை முதுமையில் பேண முடியும்? அதன் அம்மாவுக்கே முப்பது வயது ஆகியிருக்காது. குடும்பம், அன்பு என்று நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. பெரியவர் சொல் கேள், பெற்றோரை மதி, தம்பிக்கு விட்டுக்கொடு. பெரியவர்கள் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கதை எத்தனை வந்திருக்கிறது? அடித்துவிட்டு அப்புறம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கும் அப்பாவைப் பிள்ளைகள் கதையில் எங்கே பார்க்கிறார்கள்?

கட்டத்தை ஏன் பிள்ளைகள் அப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். பரீட்சையில் “இக்கதையால் அறியப்படும் நீதி யாது?” என்று கேட்டால் எழுத வேண்டுமே. அதனால் தங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டி வரச் சொல்லும் வீட்டுப்பாட நோட்டில், படமும் கதையும் மங்கிக் கிடக்க, கட்டம் மட்டும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடிடப்பட்டு இருக்கும். சில பிள்ளைகள் முதலில் கட்டத்தைப் படித்துவிட்டு, கதையைப் படிக்கலாமா என்று அப்புறம்தான் முடிவு செய்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. விடை கீழே அச்சாகியிருக்கும்போது கணக்கை யார் போட்டுப் பார்ப்பார்கள்?

எங்கள் காலத்திலும் நீதிக் கதைதான் படித்தோம். ஆனால் அம்புலிமாமாவில் வேதாளம் ஒரு வேலை செய்தது, தங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அது. மூலத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமாக்காரர்கள் அதைத் தாண்டிப் பல வருடங்களுக்குப் புதிது புதிதாக எழுதிக்கொண்டே போனார்கள். ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை யாரால் மறக்க முடியும்? வேதாளம் கதையைச் சொல்லி முடித்ததும் நீதி சொல்லாது. கேள்வி கேட்கும். இவர்களில் யார் செய்தது சரி? இவன் ஏன் கடைசியில் மறுத்தான்? விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். எங்கள் வீட்டில் அந்த இடம் வந்ததும் என் அண்ணன் பக்கத்தின் கீழ்ப்பகுதியை உள்ளங்கையால் மூடிவிடுவார். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு விடை சொல்லி, சண்டை போட்டு, அம்மாவையும் இழுத்து அபிப்பிராயம் கேட்டு, அதன் பிறகுதான் கையை எடுப்பார். விக்கிரமாதித்தன் சொன்ன விடையை அம்மா பல தடவை ஒத்துக்கொள்ளவே மாட்டார். ராஜாவுக்கு என்ன தெரியும் வீட்டுக் கஷ்டம் என்பார். நியாயம் எது, இரக்கம் எது என்று எங்கள் வீட்டில் பெரியவர்களும் சிறியவர்களும் சமமாக உட்கார்ந்து பேசியது அந்த நேரத்தில்தான்.

பாட்டில்கூட இதைச் செய்யலாம் என்பதற்கு அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டு இருக்கிறது. தட்டில் எட்டு லட்டு. அண்ணன் கிட்டு பாதியை விட்டுவிட்டு நாலை எடுக்கிறான், தங்கை பட்டுவுக்கு நாலு. தட்டு காலி. அவ்வளவுதான் பாட்டு. பகிர்ந்து உண் என்றோ தங்கையிடம் அன்பாயிரு என்றோ ஒரு வரி இல்லை. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டிப் பாடி முடிக்கும்போது, பெண்பிள்ளைக்கும் சரிபாதி என்பது யாரும் சொல்லாமலே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் நூலகத்தில் கடலைமிட்டாய் கொண்டுவரும் நாளில் சின்னப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே பங்கு பிரிப்பார்கள்.

நேரடியாகப் புத்தி சொல்லவே கூடாது என்று நான் வாதாடவில்லை. ஆத்திசூடி இருக்கிறது, கொன்றை வேந்தன் இருக்கிறது, பாரதியின் பாப்பா பாட்டு இருக்கிறது. “அறம் செய விரும்பு” என்று ஔவை சொன்னால் அது முழுமையான சொல், அதற்கு ஒரு கதை தேவையில்லை. மனப்பாடம் செய்யட்டும், வாழ்நாள் முழுக்கக் கூட வரும். ஆனால் கதை என்று உட்கார்ந்தால் கதையாக இருக்க வேண்டும். ஆச்சிமார் கதை சொல்லும்போது கேட்கிறவர்கள் ஊம் கொட்ட வேண்டும். ஊம் சத்தம் நின்றால் ஆச்சி கதையை நிறுத்திவிடுவாள். நீதி என்று முத்திரை குத்திய வரிக்கு யாரும் ஊம் கொட்டுவதில்லை.

கட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே கதையும் வளைகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். தங்கள் பக்கத்தில் இந்த வருடம் வந்த கதைகளில், நல்லது செய்தவனுக்குக் கடைசியில் பொற்காசோ வேலையோ ராஜா மகளோ கிடைக்காத கதை எனக்கு ஞாபகம் இல்லை. விறகுவெட்டி உண்மை சொன்னதால் தங்கக் கோடரியும் வெள்ளிக் கோடரியும் சேர்ந்து கிடைத்த கதைதான் பல உருவத்தில் வருகிறது. இதைப் படித்துப் பழகிய பிள்ளை, இரக்கம் காட்டினால் பதிலுக்கு என்ன வரும் என்று எதிர்பார்க்கிறது. ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்து, பேருந்தில் ஒரு பாட்டிக்கு இடம் கொடுத்ததாகவும், அந்தப் பாட்டி ஒன்றுமே சொல்லாமல் இறங்கிப் போய்விட்டதாகவும் வருத்தப்பட்டுச் சொன்னது. கதையில் வரும் பாட்டி இறங்கும்போது ஆசீர்வாதமாவது செய்திருப்பாள்.

எறும்பும் வெட்டுக்கிளியும் கதையை வாசித்தபோதும் இப்படித்தான் ஆயிற்று. கட்டத்தில் உழைப்பே உயர்வு என்று இருந்தது. சின்னப் பிள்ளைகள் கேட்டது, “குளிர்ல வந்து நிக்குது, எறும்பு ஒரு அரிசி குடுத்திருக்கலாம்ல?” என்று. உழைப்பை மெச்சுவதற்காக, பசித்து வந்தவனுக்கு முகத்துக்கு நேரே கதவை மூடியதைச் சரி என்று எழுதிவிட்டோம். அந்தப் பிள்ளைகள் கேட்டதுதான் எனக்கு அன்றைக்குக் கதையாகப் பட்டது.

நம்மிடமே இருப்பதைப் பாருங்கள். பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். பதிலுக்கு முல்லை என்ன கொடுத்தது? ஒன்றுமில்லை. பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள், பாரி செத்தும் போனான். நல்லது செய்தவனுக்கு நல்லதே நடந்தது என்று அந்தக் கதையை முடிக்கவே முடியாது. இருந்தாலும் இரண்டாயிரம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பேகன் கதை இன்னும் ஒரு படி மேலே. பழனிமலைப் பக்கத்துத் தலைவன், மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைக் கொடுத்தவன். தங்கள் பக்கத்தில் போன வருடம் இந்தக் கதையும் வந்தது. உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்ற கட்டத்தோடு முடிந்தது. ஆனால் புறநானூற்றில் அந்தப் பேகனைப் பற்றி வேறொரு செய்தியும் இருக்கிறது. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து (சிலப்பதிகாரத்துக் கண்ணகி வேறு) வேறொருத்தியோடு இருந்துவிட்டான். அவள் வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய் அவளுக்காகப் பேசியிருக்கிறார்கள். 143-ஆம் பாட்டிலிருந்து 147 வரை அதுதான். பரணர் அவனைக் கூப்பிடும்போதே, மயிலுக்குக் குளிருமே என்று போர்வை கொடுத்தவனே என்று கூப்பிடுகிறார். அப்புறம் சொல்கிறார், நாங்கள் பசித்து வரவில்லை, சுமக்க வேண்டிய சுற்றமும் எங்களுக்கு இல்லை, நீ தர வேண்டிய பரிசு ஒன்றுதான், இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர்த்துவை என்று. பரிசில் வாங்கிப் பிழைக்கும் புலவர்கள் பொருள் வேண்டாம் என்று சொல்லி, தெரியாத ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறார்கள். எப்பேர்ப்பட்ட அன்பு அது!

இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மயிலிடம் அவ்வளவு இரக்கம் காட்டுகிறவர் வீட்டில் எப்படி அப்படி நடந்துகொள்வார் என்று ஒரு பெண் கேட்டாள். எங்க பெரியப்பா அப்படித்தான், ஊருக்கெல்லாம் உதவி செய்வார் என்று இன்னொருத்தி சொன்னாள். பேகன் திரும்பிப் போனானா இல்லையா என்று ரொம்ப நேரம் பேசினார்கள். மயிலோடு நிறுத்திவிட்டால் பேகன் படத்தில் இருக்கும் நல்லவன். புலவர்கள் வந்து சொன்னதையும் சேர்த்துச் சொன்னால் அவன் நம் தெருவில் இருக்கும் மனிதன் ஆகிவிடுகிறான்.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்லதங்காள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணி கதவைச் சாத்தியதால் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். இதிலும் கெட்டவள் அண்ணிதானே என்று தாங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் என் ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது முதலில் பஞ்சத்தைத்தான் சொல்வாள். மழை பெய்யாமல் கரிசல் பாளம் பாளமாக வெடித்ததை, தாலியை விற்று ஒரு படி தானியம் வாங்கியதை எல்லாம் சொல்லி, கேட்கிற எங்களுக்கே வயிற்றைப் பிசையும்போதுதான் அண்ணி வீட்டு வாசலுக்கு வருவாள். அண்ணி சமைத்துக்கொள்ளச் சொல்லி ஓட்டைப் பானையும் பச்சை விறகும் கொடுப்பாள். அடுப்பில் புகை மட்டும் வரும், பிள்ளைகள் ஏழும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஆச்சி அந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், ஒவ்வொரு தடவையும். அண்ணன் எங்கே போனான் என்றும் அவளே கேட்பாள். கதை முடிந்ததும் பேசாமல் எழுந்து போய்விடுவாள். எங்கள் வீட்டில் பிறந்தவீடு தேடி ஒரு பெண் பிள்ளையோடு வந்தால், வந்த காரணத்தைக் கேட்பதற்கு முன்னால் சோறு போட்டுவிடுவார்கள். அதை யாரும் எங்களுக்கு விதியாகச் சொன்னதில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு நல்லதங்காளை அச்சிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது ரொம்பக் கனமான கதை. கேட்பது வேறு. தங்கள் சிறுவர் பக்கத்துக் குடும்பத்தில் எப்போதும் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போகிறார், அம்மா இட்லி வைக்கிறார், தாத்தா சாய்வு நாற்காலியில் இருக்கிறார். எங்கள் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா வெளியூரில். சிலருக்கு இல்லவே இல்லை. அம்மாவைப் பெற்ற ஆச்சியிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. தங்கச்சிக்குத் தலைபின்னி, டிபன் கட்டிக் கொடுத்துவிட்டுத் தானும் பள்ளிக்கு ஓடும் ஏழாம் வகுப்பு அக்கா உண்டு. அப்பாவின் இரண்டாம் மனைவியைச் சித்தி என்று கூப்பிட்டு அவளிடம் உயிராக இருக்கும் ஒரு பையன் உண்டு. கதையில் சித்தி என்று வந்தாலே கொடுமைக்காரியாகத்தான் இருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருப்பதால், சித்தி வரும் கதையென்றால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். இந்த வீடுகளில் அன்பு எப்படி நடக்கிறது என்று எழுத யாராவது வேண்டும். மாணவர்களிடம் கேட்டாலே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொண்டுவந்திருக்கிறது. என் கைக்கு வந்தவற்றில் நீதிக் கட்டத்தைப் பார்க்கவில்லை. நுழை வரிசைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை, முடித்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிறது. அது நடக்கிறது என்றால் தங்கள் பக்கத்திலும் நடக்கும்.

நூலகத்துக்கு வரும் நீதிக் கதைப் புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளபளப்பான அட்டையில் தலைப்பு மட்டும் மாறி மாறி, உள்ளே அதே சிங்கமும் எலியும், அதே முயலும் ஆமையும். வரவுப் பதிவேட்டில் எழுதும்போதே தெரிந்துவிடும். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிற மக்களின் காசு அது. தங்களைப் போன்ற பத்திரிகைகள் புதிய குழந்தை எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்தால்தான் நல்ல புத்தகங்களும் வரும். படம் போடுகிறவர் பெயரையும் தயவுசெய்து அச்சிடுங்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பெற்றோர்கள் கட்டத்தை எதிர்பார்க்கிறார்கள், அது இல்லாவிட்டால் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடுவார்கள் என்று தங்கள் அலுவலகத்தில் ஒரு எண்ணம் இருக்கலாம். எங்கள் ஊரில் அப்படிச் சொன்ன பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களையும் ஒரு சனிக்கிழமை உட்காரச் சொல்லி, மண்சட்டிக் கதையைக் கிரிம் தொகுப்பில் உள்ளபடி, கட்டமில்லாமல் வாசித்தேன். முடிந்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு அப்பா, அவருடைய அம்மா தனிக் குடிசையில் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே “பெற்றோரைப் பேணிக் காக்க வேண்டும்” என்று நான் வாசித்திருந்தால் அவர் கோபித்துக்கொண்டு போயிருப்பார், அதோடு சரி.

கட்டத்துக்கு ஒதுக்கும் நாலு வரி இடம் அப்படியே இருக்கட்டும். அதில் நீதிக்குப் பதில் ஒரு கேள்வியைப் போடுங்கள். போன வாரக் கதையைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை கேட்ட கேள்வியாக அது இருந்தால் இன்னும் நல்லது. பதில் எழுதச் சொல்லி முகவரி கொடுத்தால் போதும், எழுதுவார்கள். மண்சட்டிக் கதையில் மகன் என்ன செய்துகொண்டிருந்தான் என்ற கேள்வியை அந்த ஆறாம் வகுப்புப் பையன் தானே அஞ்சலட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறான். இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். முதல் கேள்வியாக அதை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊர்ப்புற நூலகர் (ஓய்வு),
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.